பதினோராவது மீன்

எங்கள் ஊரில் மீனைப் பிடித்து மறுபடி தண்ணீரிலேயே விட்ட முதல் ஆள் என் அப்பா. இரண்டாவது ஆள் நான். மூன்றாவதாக ஒருவரை இதுவரை நான் கேள்விப்படவில்லை. மரக்காணத்துக்காரர்களுக்கு மீனை வலை வீசிப் பிடிக்கத் தெரியும், தூண்டில் போட்டுப் பிடிக்கத் தெரியும், வற்றின வாய்க்காலில் இறங்கி வெறுங்கையால் தடவிப் பிடிக்கவும் தெரியும். பிடித்த பிறகு அதை என்ன செய்வது என்பதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை, அப்பா அந்தக் கோடையில் லீவுக்கு வரும்வரை.

அப்பா மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது போனவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருவார். முதல் லீவு எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டாவது லீவில் அவரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தேனாம். மூன்றாவது லீவில் பாதி நாள் எனக்கு அம்மை போட்டிருந்தது, மீதி நாள் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டு அவருக்குப் போட்டிருந்தது. ஆக 2006ஆம் வருடம், நான் நாலாவது முடித்த கோடையில்தான் அப்பா என்ற மனிதரை நின்று நிதானமாகப் பார்த்தேன்.

அதுவரை அவர் எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானக் குரல். இரண்டு மணிக்குப் பக்கத்து வாசலில் இருந்த பெரியப்பா வீட்டில் போன் அடிக்கும். பெரியப்பா பேசுவார், பெரியம்மா பேசுவாள், அம்மா சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசுவாள். கடைசியில் என் கைக்கு வரும்போது அவருடைய கார்டில் காசு தீர்ந்துகொண்டிருக்கும். “நல்லா இருக்கேம்பா. நல்லா படிக்கிறேம்பா.” அவ்வளவுதான், போன் செத்துவிடும். ஒன்பது வருடத்தில் நான் அப்பாவிடம் பேசியதெல்லாம் இந்த இரண்டு வாக்கியம்தான். அவர் நேரில் வந்து கூடத்தில் உட்கார்ந்து, “எப்பிடி இருக்கற பாப்பா?” என்று கேட்டபோதும் எனக்கு வாயில் வந்தது அதேதான். அவரும் போனில் சொல்வது போலவே “சரி, சரி” என்றார். பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா பையன்கள் பெரியவர்கள், கிரிக்கெட் மட்டையும் கையுமாகத் திரிவார்கள், என்னை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். அம்மா காலையில் உப்பளத்துக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் நான் பல்லியோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா வந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் கூட்டம்தான் சேர்ந்தது. சென்ட் பாட்டில் வாங்கிப் போக வந்தவர்கள், மகனுக்கு விசா கேட்டு வந்தவர்கள், சும்மா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே நான் டம்ளர் எடுத்துப் போய்க் கொடுக்கிற பெண்.

அப்பா கொண்டுவந்த சாமான்களில் நீளமாக ஒரு பை இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியப்பா மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஏம்பா, துப்பாக்கி கிப்பாக்கி எதுவும் இல்லியே?” என்று கேட்டார். அது தூண்டில். இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற கோல், அடியில் சுற்றுகிற ரீல். வந்த நாலாம் நாள் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பியபோது அம்மா என்னைக் கூடவே அனுப்பினாள். பாசத்தால் அனுப்பவில்லை. அப்பாவுக்கு ஊரில் எல்லோரிடமும் வாய் கொடுத்து நின்றுவிடும் பழக்கம், மீன் கெட்டுப்போவதற்குள் என் கையில் கொடுத்தனுப்பட்டும் என்று ஒரு பையும் கொடுத்தாள்.

எங்கள் தெருவிலிருந்து பெரிய ரோட்டைக் கடந்தால் உப்பளம். பாத்திகளுக்கு நடுவே வரப்பிலேயே நடந்து, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் கழிவெளி ஏரித் தண்ணீர் கடலோடு சேருகிற இடம் வரும். அப்பா முன்னால் போனார். நான் நாலு எட்டு பின்னால் போனேன். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களையெல்லாம் அவர் நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் எதை எடுத்துப் பேசுவது என்று தெரியவில்லை.

தூண்டில் முள்ளின் நுனியில், மீன் கழன்று போகாமலிருக்க, பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு பொடி முள் இருக்கும். அப்பா முதல் வேலையாக அதைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார். அங்கே வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சுருட்டிய வலையோடு அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிழங்கான் மீன் ஒன்று மாட்டியது. அப்பா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கினார், இரண்டு கையையும் நனைத்துக்கொண்டார், மீனை மேலே தூக்காமலேயே முள்ளை எடுத்தார். அதன் வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் பக்கம் ஒரு கை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறதோ அந்தப் பக்கம் தலையை வைத்து, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். மீன் ஒரு உதறு உதறியது. போய்விட்டது.

“ஏம்பா, மஸ்கட்ல மீனுக்குக்கூட ஆஸ்பத்திரி வெச்சிருக்கறாங்களா?” என்றார் வலைக்காரர்.

அப்பா சிரித்தார். அங்கே கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பழக்கிவிட்டதாகச் சொன்னார். காய்ந்த கையால் தொட்டால் மீன் மேல் இருக்கிற வழவழப்பு போய்விடும், அது போனால் புண் வந்து செத்துப்போகும். மணலில் போடக் கூடாது, செவுளில் விரல் விடக் கூடாது, தூக்கி எறியக் கூடாது. வலைக்காரர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தான் பிடித்ததைச் செவுளிலேயே ஓலை கோத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலிப் பையைப் பார்த்ததும் அம்மா என்னைத்தான் கேட்டாள். மாட்டியது, விட்டுவிட்டார் என்றேன். “வுட்டுட்டாரா? வழுக்கிடுச்சா?” என்றாள். இல்லை, கையில் பிடித்துத் தண்ணீரில் விட்டார் என்றேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் பெரியப்பாதான் கேட்டார். “ஊசியைக் குத்தி வாயைக் கிழிச்சுட்டு, அப்பறம் தடவிக் குடுத்து அனுப்பறியே, இது என்னா புண்ணியம்டா?” அன்றைக்குச் சாயங்காலமும் அப்பா தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில்தான் நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். “தெற்கால நாலு பாத்தி சுனாமியில சேறு ஏறி அப்பிடியே கெடக்குது. ஆள் வெச்சு வாரிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம். இங்கியே இருந்துடேன்.” அப்பா தரையில் ஒரு ஈர்க்குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். “பாக்கலாம்ணே” என்றார்.

பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு அது பாதி சரி என்று கேட்டது. மீதிப் பாதியை நான் எப்படியாவது முடித்துவிட்டால் அப்பா போக மாட்டார். எப்படி முடிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். வழி எனக்குப் பெரியம்மாவின் சேவலிடமிருந்து கிடைத்தது.

அதற்கு முந்தின வருடம் பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். பெரியம்மா கால்வாய் ஓரத்து அம்மனுக்குச் சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் சிலர் கோயிலுக்குச் சேவலை அறுக்க மாட்டார்கள், உயிரோடு விட்டுவிட்டு வருவார்கள். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். சேவலும் கோயில் வாசலில் ஜம்மென்று திரிந்தது. நாய் ஒருநாள் அதன் வாலைக் கவ்விவிட்டது என்று கேட்டதும் பெரியம்மா உலையைக்கூட இறக்காமல் ஓடினாள். சேவல் உயிரோடு இருந்தால்தான் வேண்டுதலுக்குக் கணக்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சேவல் விட்டால் செல்லும் என்றால் மீன் விட்டாலும் செல்லத்தானே வேண்டும். ஒரு காமாலைக்கு ஒரு சேவல். அப்பா விஷயத்தில் ஏரோப்பிளேன் எல்லாம் இருக்கிறது, மீனோ சேவலைவிடச் சின்னது. நிறைய யோசித்து, மொய்ப் பணத்துக்கு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பது போல, பத்தோடு ஒன்று சேர்த்துப் பதினொன்று என்று முடிவு செய்தேன். அம்மன் கோயில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, பதினோரு மீன் உயிரோடு விடுகிறேன், அப்பா போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று ஒரு பக்கம், சொல்ல ஆள் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு என் தொல்லை தாங்கவில்லை. மீன் ஒழுங்காகப் போனால்தானே எனக்குக் கணக்கு. கோல் வளைந்ததுமே நான் தண்ணீரில் இறங்கிவிடுவேன். “கைய நனைங்கப்பா.” “நனைச்சுட்டேன்.” “இன்னொரு தபா நனைங்க.” எவ்வளவு நேரம் மீன் வெளியே இருக்கலாம் என்று ஒருநாள் கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நீ மூச்சைப் புடிச்சிக்கோ பாப்பா. உனக்கு எப்ப முட்டுதோ, அதுக்குள்ள அது தண்ணிக்குள்ள போயிடணும்.” அதன் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். முள் கழல லேசாகத் தாமதமானாலும் மூச்சு விட முடியாமல் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அவசரமாக வேலையை முடிப்பார்.

கெளுத்தி விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. முள்ளால் குத்துகிற மீனை அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று தெரியவில்லை. அரை மீன் என்று வைத்துக்கொண்டேன், இரண்டு கெளுத்திக்கு ஒரு மீன். அப்பாவுக்குக் கெளுத்தி மாட்டினால் சலிப்பு. நான் கோணின முகத்தோடு, “இன்னொண்ணும் கெளுத்தியே வந்தாத் தேவல” என்பேன். அவருக்கு ஒன்றும் புரியாது.

ஒருநாள் காலையில் கிழங்கான் ஒன்று முள்ளை வயிறு வரை விழுங்கிவிட்டது. அப்பா பிடுங்கவில்லை. வாய்க்கிட்டேயே தூண்டில் நரம்பை அறுத்தார், முள் உள்ளே துருப்பிடித்துத் தானாக உதிர்ந்துவிடும் என்றார். தலையைத் தண்ணீர் வருகிற பக்கம் வைத்து ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் மூச்சை விட்டு விட்டுப் பிடித்தேன். கடைசியில் போயிற்று. போய்ப் பத்தடி தள்ளி வெள்ளை வயிறு மேலே வந்தது. ஒரு பருந்து இறங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அதுவரை ஐந்து சேர்ந்திருந்தது. “நீங்க அங்க எங்கியோ பாத்துனு இருந்தீங்க. கோலு ஆடினப்பவே இழுத்திருந்தா முழுங்கியிருக்காது. பாக்கவே இல்ல நீங்க” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது, அப்பாவிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று. அடி விழும் என்று நின்றேன். அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். “ஆமாம்மா, பாக்கல. தப்புதான்” என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் மறுபடி தூண்டில் போடவில்லை. வெயில் ஏறும்வரை என் வகுப்பு டீச்சரைப் பற்றி, பல்லியைப் பற்றி, பெரியப்பா பையன்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளாததைப் பற்றியெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒரு காலைக்காக அந்தக் கிழங்கானை நான் மன்னித்துவிட்டேன், கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை.

இந்தப் பக்கம் அம்மாவின் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை என்றால் குரல் உயராது. பாத்திரங்களிடம் பேசுவாள். “ஊர் ஒலகத்துல ஆம்பளைங்க ஆத்துக்குப் போனா ஒரு மீனு எடுத்தாருவாங்க. எங்க வூட்டு ஆம்பள தண்ணியப் பாத்துட்டு வர்றாரு.” ஒருநாள் அரைக்கிலோ கனத்துக்குக் கொடுவா மாட்டியதாகவும், அப்பா அதையும் விட்டுவிட்டதாகவும் வலைக்காரர் மூலம் தெரு முழுக்கப் பரவியது. கொடுவா எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு வாங்குகிற மீன். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், “நீ ஒருத்தி கூடப் போறியே எதுக்கு? அம்மா மீன் கேட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்ல வாய் இல்லியா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். சொல்லவே இல்லை. அம்மா நாக்கு ருசிக்குக் கேட்கிறாள், நான் அப்பாவைக் கேட்கிறேன், எது பெரிது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

லீவு முடியப் போகிற வாரத்தில் கணக்கு ஒன்பது. பெட்டியில் துணி ஏறத் தொடங்கியது. பெரியம்மா ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினாள். நான் இதையெல்லாம் பார்த்துக் கலங்கவேயில்லை. சேவல் விடுவதற்கு முந்தின நாள்கூடப் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளாகத்தானே இருந்தது. வியாழக்கிழமை பத்தாவது மீன் போயிற்று. வெள்ளிக்கிழமை ஒன்று வேண்டும், சனிக்கிழமை காலை அப்பாவுக்கு மெட்ராஸ் போகக் கார் சொல்லியிருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா உப்பளத்துக்குப் போகவில்லை. மத்தியானமே புளியை ஊறப்போட்டாள். மிளகாயும் தனியாவும் வறுத்து அம்மியில் வைத்து அரைத்தாள். அப்பா தூண்டிலை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது வந்து நின்று, முதல் தடவையாக நேரே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஏங்க, இன்னிக்கு ஒண்ணு எடுத்தாங்க.” அப்பா, “எடுத்தாரேன்” என்றார். கூடவே ஒரு சாக்கையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாட்ட வேண்டும், ஒன்று எனக்கு ஒன்று அம்மாவுக்கு என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. வெயில் தாழ்ந்து, தண்ணீர் கடலிலிருந்து உள்ளே ஏறத் தொடங்கியது. அப்போதுதான் கோல் பாதிவரை வளைந்தது. ரீல் கத்திக்கொண்டே சுற்றியது. அப்பா பக்கவாட்டில் ஓடினார், திரும்ப ஓடிவந்தார், “பாப்பா, பாப்பா” என்று கூப்பிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் மட்டத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கொடுவா, என் கை நீளம் இருந்தது.

“போதும். உங்கம்மாவுக்கு இது போதும்” என்றார். முள்ளை எடுத்துவிட்டு மீனை ஆழமில்லாத தண்ணீரிலேயே நிறுத்தி, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். “கெட்டியாப் புடிச்சுக்கோ. சாக்க நனைச்சு எடுத்தாரேன்.” கரைப்பக்கம் போனார்.

வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் பக்கம் ஒரு கை. மீனின் தலை கரையைப் பார்த்து இருந்தது. நான் அதை மெதுவாகத் திருப்பினேன். தண்ணீர் வருகிற பக்கம் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடியதில் களைத்துப்போய் மீன் அசையாமல் கிடந்தது, வாய் மட்டும் திறந்து மூடியது. பின்னால் அப்பா சாக்கைத் தண்ணீரில் அலசுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினொன்று, பதினொன்று என்று உள்ளே சொல்லிக்கொண்டேயிருந்தேன். மீன் உதறியது. நான் கையை விரித்தேன்.

அப்பா சாக்கோடு வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், எனக்கு அது தோன்றவில்லை. பிறகு கேட்டார்.

“தல எந்தப் பக்கம் வெச்ச?”

“தண்ணி வர்ற பக்கம்.”

“நல்லா ஒதறிச்சா?”

“ஒதறிச்சுப்பா.”

“சரி” என்றார். சாக்கைப் பிழிந்து மறுபடி மடித்தார். தூண்டிலைக் கழற்றிப் பையில் போட்டார். இன்னும் வெளிச்சம் இருந்தது, இன்னொரு தடவை போட்டிருக்கலாம், போடவில்லை. வரப்பில் இந்தத் தடவை நான் முன்னால் நடந்தேன்.

வாசலில் அம்மா அரிவாள்மனையோடு காத்திருந்தாள். “மாட்டலியா?” என்றாள். “மாட்டல” என்றார் அப்பா. அவர் பொய் சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கத்தான் சொன்னார் என்று புத்தி போகவில்லை. பெரிய மீனை விட்டதற்கு அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா உள்ளே போனாள். அரைத்த மசாலாவை வீணாக்க முடியாது. கத்திரிக்காய் அரிந்து போட்டுக் குழம்பு வைத்தாள். அப்பா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, “மீன் போட்ட மாதிரியே இருக்குது” என்றார். அம்மா சிரித்தாள். அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை.

நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கார் வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். தெருவே வாசலில் நின்றது. அம்மா அழுதாள், பெரியம்மா மூக்கைச் சிந்தினாள், பெரியப்பாகூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. எப்போது பெட்டியை இறக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தலையில் கை வைத்து, “வரட்டாம்மா?” என்றார். நான், “சரிப்பா” என்றேன். கதவு சாத்தியது, கார் நகர்ந்தது, தெருமுனையில் திரும்பியது. இப்போது நிற்கும், ஏதோ மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கி வருவார் என்று நின்றேன். “பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. பெரிய மனுசிதான்” என்று யாரோ என் கன்னத்தைக் கிள்ளினார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. மத்தியானம் வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன், அப்போது கேட்க யாரும் இல்லை.

கணக்கில் எங்கே பிசகு என்று பல வருடம் யோசித்தேன். கெளுத்தியை அரையாக எடுத்தது தப்போ, விட்ட மீன் ஒன்று பிறகு வலைக்காரரிடம் மாட்டிவிட்டதோ என்றெல்லாம். அம்மன் மேல் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் ஒரு வருடம் இருந்தேன். அடுத்த லீவில் அப்பா தூண்டில் கொண்டுவரவில்லை. நான் கேட்கவும் இல்லை, எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பேச வேறு விஷயங்கள் வந்துவிட்டன, அப்பாவிடம் பேசத்தான் மறுபடி ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் போனில் பேச்சுவாக்கில் கேட்டேன், பிடித்த மீனையெல்லாம் ஏன் விடுகிறீர்கள் என்று. புண்ணியம், இயற்கை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சாதாரணமாகச் சொன்னார். “எட்டு பேரு ஒரு ரூம்மா. அடுப்பு ஒண்ணு. மொறை வெச்சித்தான் சமைப்போம், வெள்ளிக்கெழம எனக்கு மொறை வராது. உங்ககிட்டல்லாம் போன் பேசிட்டு, ரூமுல இருக்கப் புடிக்காம கடல் பக்கம் போயிடுவேன். மீன் மாட்டும். எங்க கொண்டுபோய்ப் போடறது? விடறதுன்னு ஆச்சு, சாகாம விடலாமேன்னு கத்துக்கிட்டேன். அப்பறம் அதுவே பழகிப்போச்சு.”

அந்த இரண்டு மாதமும் அப்பாவுக்கு ஊருக்கு வந்துவிட்டதே கைக்குத் தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். மீனைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வீடு இருக்கிறது, அரைத்து வைத்துக்கொண்டு ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது அவர் கைக்கு உறைக்க அவ்வளவு நாள் ஆயிற்று. உறைத்த அன்றைக்கு நான் கையை விரித்துவிட்டேன். அம்மா கேட்டதுகூட மீனை அல்ல, நான் கேட்டதையேதான் அவள் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொடுவாவைக் கொண்டுபோயிருந்தாலும் சனிக்கிழமை கார் வந்துதான் இருக்கும், அப்பா போய்த்தான் இருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரச் சாக்கோடு அவர் தெருவில் நடந்து வந்திருப்பார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, இவ்வளவு பெருசா என்று கேட்டிருப்பாள்.